இருமினால் மடங்கும் கை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

எனக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. சட்டைக் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை, அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான சங்கதி எதுவுமில்லை. இருந்தாலும் மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில், தோள்மேல் சூட்டுப் பையைப் போட்டுக்கொண்டு, உலகத்துத் துன்பம் மொத்தமும் என் ஒருவன் தலையில் விழுந்ததுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கேட்டது.

"இருமுங்க அக்கா."

ஓர் இருமல்.

"என்ன இது, பூனை மாதிரி. நல்லா பலமா."

இன்னோர் இருமல்.

"வந்திருச்சு பாருங்க. நேத்தைவிட எவ்வளவு மேல வந்திருச்சு."

பிறகு இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சளியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் முகத்தைச் சுளித்தேன். மின்விசிறிக் காற்றில் திரை விலகியது. மேலே வந்தது சளி இல்லை, ஒரு வலது கை. அந்தப் பெண் இருமியபோது அவளுடைய முழங்கை தானாக மடங்கி, விரல்கள் மேசையைவிட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. அவள் அந்தக் கையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியதைப் பார்ப்பதுபோல, சந்தோஷமும் கொஞ்சம் சந்தேகமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சூட்டுப் பை ஆறிப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரமாக" — வேண்டாம். நான் எழுதிய கதைகளில் பாதி மழையில்தான் தொடங்குகின்றன. வாசகர்கள் குடையோடு வர ஆரம்பித்துவிடுவார்கள்.

"கையில் புற்றுநோய் வந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு." — இது நோயாளியின் கோப்பில் முதல் வரி. அங்கேயே இருக்கட்டும்.

"கை மடங்க வேண்டுமானால் அவள் இரும வேண்டும். அவள் இருமினால் அவன் ஓர் அடி பின்னால் போய்விடுகிறான். அவளுக்கோ அந்தக் கையால் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்." — இதில் கதை மொத்தமும் வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இத்தோடு எழுந்து போய்விடலாம். ஆனால் எனக்கு அந்தப் பெண்ணை விட்டுப் போக மனம் வரவில்லை. நீங்களும் கொஞ்சம் இருங்கள்.

(ஓர் எச்சரிக்கை. தமிழில் கையை வைத்துச் செய்யாத சொற்றொடர் இல்லை. கைகொடுத்தது, கைநழுவியது, கைகூடியது. இந்தக் கதை முடியும்வரை அவற்றில் ஒன்றைக்கூட எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கை என்றால் இங்கே கை மட்டும்தான்.)

3

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதிப்பவர் உள்ளறையில் இருப்பார். வெளியே பிரேமை எடுத்துக் காட்டுவதும், மாட்டிப் பார்ப்பதும், காதுக்குப் பின்னால் வளைவைச் சூடாக்கிச் சரிசெய்வதும் இவள். ஆளுக்கு நேர் எதிரே நின்று, இரண்டு முழங்கைகளையும் மடித்து, பிரேமின் இரண்டு கால்களையும் பிடித்து முகத்தில் ஏற்ற வேண்டும். நாளைக்கு முப்பது நாற்பது முகம். நான் அவளைக் கண்ணாடிக்காரி என்றே சொல்லப்போகிறேன்.

அவளுடைய கணவன் லாரி பட்டறையில் மெக்கானிக். மூடியைத் திறக்காமலே, என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அதனால் பட்டறையில் அவனுக்குக் 'காது' என்று பெயர். அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். "காது, கொஞ்சம் வாயையும் திறங்க."

முழங்கைக்கு மேலே, மேல்கையின் முன்பக்கத்துச் சதையில், ஒரு கட்டி. பிரேம் தட்டுகளைத் தூக்கியதில் பிசகிவிட்டது என்று நான்கு மாதம் தைலம் தேய்த்தாள். பிறகுதான் பரிசோதனை, சதையில் வரும் புற்று என்ற முடிவு. முதலில் பார்த்த மருத்துவர் தோளோடு எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கைவிரித்து — பார்த்தீர்களா, ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவதாகப் பார்த்த அறுவை மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்புல ஏறல. விரலுக்குப் போற நரம்பையும் ரத்தக் குழாயையும் தொடல. கையை வெச்சுக்கலாம். ஆனா இந்தச் சதையை முழுசா எடுத்துடணும். முழங்கையை மடக்குறதே இதுதான். அதுக்குப் பதிலா முதுகுலேருந்து ஒரு சதையைக் கொண்டுவந்து வெக்கிறேன்."

"முதுகுக்கு வேணாமா சார்?"

"முதுகு கொஞ்சம் தாராளம்மா. கேட்டா குடுத்துடும்."

எட்டு மணிநேரம் ஆயிற்று. முதுகின் ஓரத்துச் சதையை, அதன் நரம்பும் ரத்தக் குழாயும் அறுபடாமல், அக்குள் வழியாகத் திருப்பி மேல்கைக்குக் கொண்டுவந்து, ஒரு முனையைத் தோளிலும் மறுமுனையை முழங்கைக்குக் கீழேயும் தைத்தார். ஆறு வாரம் கை மடங்கிய நிலையிலேயே கட்டுக்குள் இருந்தது. கட்டைப் பிரித்த அன்று அவள் கையைப் பார்த்து மனத்துக்குள் 'மடங்கு' என்றாள். கை சும்மா தொங்கியது. அந்தச் சதைக்கு மடக்குவது என்றால் என்னவென்றே தெரியாது. முப்பத்தாறு வருஷமாக அது முதுகில் இருந்து பழகியது. கையைப் பின்னால் இழுப்பதும், இருமும்போது விலாவை இறுக்கிப் பிடிப்பதும்தான் அதற்குத் தெரிந்த வேலை.*

அதனால்தான் பயிற்சி கொடுக்கும் பிசியோ அவளை இருமச் சொன்னாள். தெரிந்த வேலையிலிருந்து தெரியாத வேலைக்கு மெதுவாக நகர்த்துவது. முதலில் இருமி மடக்குவது, பிறகு இருமாமல் மடக்குவது.

* இடது உள்ளங்கையை வலது அக்குளுக்குக் கீழே சற்றுப் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டு இருமிப் பாருங்கள். ஒன்று திடுக்கென்று இறுகும். அதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டால், கதை படிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

4

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. "மேல்கையில் அவன் தொட்டால், அவளுக்கு முதுகில் தொட்டதுபோல இருந்தது." எழுதிய அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மறுநாள் பிசியோவிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அப்படி வராது. அசையறதுக்கான நரம்பு மட்டும்தான் கூட வந்திருக்கு. சதையோட வந்த அந்தத் தோல் மரத்துப் போயிருக்கும். தொட்டா ஒண்ணும் தெரியாது."

அடித்துவிட்டேன். அவன் தொட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பார்த்தால்தான் தெரியும், ஓ, தொட்டிருக்கிறான் என்று.

5

இனிமேல் வருவது அவளுடைய ஏக்கம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

பதினொரு வருஷமாகக் காலையில் அவன் பட்டறைக்குக் கிளம்பும்போது, வாசற்படியில் அவள் வலது கையை அவன் கழுத்துக்குப் பின்னால் போட்டு, மடக்கி, ஒரு தடவை தன் பக்கம் இழுப்பாள். அவன் தலை இறங்கி வந்து அவள் தோளில் இடிக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பிடரியில் கொஞ்சம் என்ஜின் எண்ணெய் வாசனை இருக்கும். விடுவாள். அவன் போவான். இதற்கு ஒரு பெயரும் கிடையாது, இதைப் பற்றி இருவரும் பேசியதும் கிடையாது. கட்டி, அறுவை, கதிர்வீச்சு என்று ஏழு மாதமாக அது இல்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று போய்விடுகிறான். அவளுக்கு அந்த ஒரு முழம் தாங்கவில்லை.

(இடது கை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவளும் முயன்று பார்த்தாள். இடது கையால் வளைத்தபோது அது வேறு யாருடைய கழுத்தோபோல் இருந்ததாம். விட்டுவிட்டாள்.)

அதனால், கை முழுசாக மடங்கும்வரை அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். ஒருநாள் காலையில் வாசற்படியில் நேரடியாக இழுத்துக் காட்ட வேண்டும். பிசியோ முதல்நாள் இருமச் சொன்னபோது அவன் வேறு கட்டடத்தில் படங்களை வாங்க வரிசையில் நின்றிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள். ஐந்து இருமல். கொஞ்சம் ஓய்வு. மறுபடி ஐந்து.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையைவிட்டு அனுப்பும்போது மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: "இது திரும்பி வந்தா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். மூணு மாசத்துக்கு ஒருதடவை நெஞ்சைப் படம் எடுக்கணும். நடுவுல நிக்காத இருமல் வந்தா காத்திருக்காம வந்துடுங்க." அவள் அதில் மூன்று மாதம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாள். அவன் இருமல் என்பதை மட்டும்.

குழாய்ச் சத்தத்துக்குப் பின்னாலிருந்து வருகிற ஒலியை, ஓடுகிற லாரிக்குள் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவன் கேட்காமல் இருப்பானா? கேட்டான். அவள் மறைக்கிறாள் என்று நினைத்தான். மறைக்கிறவளிடம் கேட்டு உடைத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். வழக்கம்போலக் காலையில் பட்டறைக்குப் போனான்.

6

இதை நம்புகிறீர்களா? எனக்கே இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒரு சந்தேகம். அவன் காதைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இருமல் என்றால் இந்த நோயில் என்ன பொருள் என்று அவளுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? பிசியோவிடம் கேட்டேன்.

"தோணாது சார். ரெண்டு வாரமா காலையும் சாயங்காலமும் இதைச் செஞ்சுட்டு இருந்தாங்கல்ல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது இருமலே இல்ல, கைதான்."

சரி என்று விட்டுவிட்டேன். அவனைப் பற்றியும் சந்தேகம் இருந்தது; இத்தனை மென்மையான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்து நடந்ததை நானே நேரில் பார்த்ததால் அவனை மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

அன்று நான் தோளுக்கான பயிற்சியாக, சுவரில் பதித்த சின்ன மர ஏணியில் விரல்களைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். திரைக்குள் வழக்கம்போல இருமல். வாசலில் அறுவை மருத்துவர் வந்தார், அவர் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த நகங்களோடு ஓர் ஆள். மருத்துவர் கையில் ஓர் அட்டை. பட்டறையில் வண்டி வந்தால் கோளாறு எழுதி வைப்பார்களே, அந்த அட்டை. வண்டி எண் என்ற இடம் காலியாக இருந்தது. கோளாறு என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது இதுதான்:

"வறட்டு இருமல். ஐந்து ஐந்தாக வருகிறது. நடுவில் ஒரே அளவு இடைவெளி. காலையில் ஒருதடவை, மாலையில் ஒருதடவை. படுத்திருக்கும்போது இல்லை. பேசும்போது இல்லை. பன்னிரண்டு நாளாக."

அவளுக்குச் சொல்லாமல் இதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் தனியாகப் போயிருக்கிறான். மருத்துவர் படித்துவிட்டு எழுந்து அவனை நேராக இங்கே அழைத்து வந்துவிட்டார். அவர் திரையை விலக்கினார்.

கண்ணாடிக்காரி ஐந்தாவது இருமலில் இருந்தாள். கை எழும்பி முகவாய்வரை வந்து நின்றது. எதிரே கணவன்.

"இதுவா?" என்றான்.

"இதுதான்" என்றார் மருத்துவர். "என்ஜின்ல ஒண்ணும் இல்ல. கியர் மாத்தக் கத்துக்குது."

அவன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். கர்ச்சீப் தேடி, கிடைக்காமல், அந்த அட்டையாலேயே முகத்தைத் துடைத்தான். அவளுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "பன்னெண்டு நாளா கேட்டுட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் விரல்கள் ஏணியின் கடைசிப் படியில் நின்றன, அதுவரை அவ்வளவு உயரம் போனதில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வாரமே நெஞ்சுப் படத்தையும் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. அடுத்தது மூன்று மாதம் கழித்து.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால் இங்கேயே வெட்டிவிடுவார்கள்.

திரை விலகிய மறுநாள் காலை வாசற்படியில் அவள் ஆசையாக, கையைத் தூக்குவதற்காக இருமினாள். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

அவனுக்குத் தெரியும், இது கைக்கான இருமல் என்று. புத்திக்குத் தெரிந்தது காலுக்கு எட்டவில்லை. பன்னிரண்டு நாள் அந்தச் சத்தத்துக்குச் செத்துப் பிழைத்த உடம்பு அது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், ஆனால் முகம் வெளுத்துப் போயிற்று. அவள் கை பாதி வழியில் இறங்கிவிட்டது.

"கட்டிப்பிடிக்க வந்தா, லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி ஒதுங்குறீங்க."

"வேணும்னேவா செய்யறேன்?"

"இல்ல. அதான் எனக்கு வலிக்குது."

அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். முதல் வாரம் ஒரு வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே இருமிவிட்டாள். அவர் பிரேமோடு எழுந்து வெளியே போய்விட்டார். அதிலிருந்து பிசியோ இருமலை நிறுத்தச் சொன்னாள். இருமுவதாக நினைத்துக்கொண்டு மடக்குங்கள், பிறகு நினைக்காமலும் மடக்குங்கள். கப், சீப்பு, துண்டு, பிரேம். பயிற்சி தொடங்கிய நான்காவது மாதம் எல்லாவற்றுக்கும் கை சத்தமில்லாமல் மடங்கியது.

அவனுக்கு மட்டும் மடங்கவில்லை. வாசற்படியில் அவன் எதிரே நின்றால் கை பழையபடி தொங்கியது, இருமினால்தான் எழுந்தது.

ஏன் என்று நான் இரண்டு பக்கம் ஆராய்ச்சி எழுதினேன். நெஞ்சு படபடத்தால் புதிதாகக் கற்றது மறந்து பழையது மேலே வரும் என்றெல்லாம். பிசியோ அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுக்கு எங்ககிட்ட பயிற்சி இல்ல சார். கட்டிப்பிடிக்கிறது எங்க லிஸ்ட்லயே கிடையாது." கிழித்துவிட்டேன்.

8

படிப்பதற்கு எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. நிஜமாகவே தேவைப்பட்டது. அவள் கடைக்குப் போனேன்.

அவள் எனக்கு எதிரே நின்று பிரேமை எடுத்தாள். இடது கை முதலில் எழுந்தது, வலது கை ஒரு நொடி தாமதமாக, ஆனால் ஒழுங்காக. இரண்டு விரல்கள் என் காதுக்குப் பின்னால் வந்து வளைவைத் தடவிப் பார்த்தன. சட்டைக் கை விலகியபோது தழும்பு தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், கதை எழுதுகிறேன் என்று.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து, எண்ணெய் வாசனை, ஒரு முழ தூரம், எல்லாவற்றையும் அவளே சொன்னாள். இந்தக் கதையின் ஐந்தாம் பகுதி முழுக்க அவள் கொடுத்தது.

"எழுதிக்கங்க சார். முடிவை மட்டும் நீங்களா வெச்சிடாதீங்க. எங்களுக்கே இன்னும் வரல."

9

எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால் சும்மா இருப்பானா? வைத்துப் பார்த்தேன்.

அ. ஒரு காலையில் அவள் கை இருமலில்லாமல் எழுகிறது. அவன் கழுத்து வளைகிறது. — நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பு முழுக்க அவளுடையது. அறுபட்டவள் அவள், கற்றவள் அவள், இதையும் அவளே செய்ய வேண்டுமா?

ஆ. அவள் இருமுகிறாள். அவன் நகரவில்லை. — இதை நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் அவன் பொய் சொல்லிக்கொண்டு நின்றான். முகம் காட்டிக்கொடுத்தது.

இ. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில், இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறிய

இல்லை. இதை எழுத மாட்டேன். எழுதினால் கதைக்கு எடை கூடும் என்று எனக்குத் தெரியும். எடை கூடிய கதை யாருக்கு வேண்டும்?

ஈ. அடுத்த நெஞ்சுப் படத்துக்கான நாள். பகலில் அவள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அவன் பட்டறையில் சொல்லிவிட்டு நேராக அங்கே வந்துவிடுவான். வாசற்படியில் பையோடு நிற்கிறான். அவள் மூச்சை இழுக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்கிறாள். இன்றைக்கு, அதுவும் இன்றைக்கு, இவனைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைக்கிறாள். மூச்சை அப்படியே உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறாள். கை தொங்குகிறது. ஆசை நெஞ்சுவரை வந்து அங்கேயே நிற்கிறது, கண் கலங்குகிறது.

அவனுக்கு அந்த நிறுத்தம் கேட்கிறது. வராத இருமலும் அவனுக்குக் கேட்கும். பையைக் கீழே வைக்கிறான். ஒரு முழ தூரத்தை அவனே கடந்து, கழுத்தைக் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறான்.

அவன் இருமுகிறான்.

நடிக்கத் தெரியாதவனின் இருமல். ஆனால் பலமாக, அடித்தொண்டையிலிருந்து, அவளுக்காக.

பிசியோவிடம் இதையும் படித்துக் காட்டினேன். அடுத்தவர் இருமினால் இவள் கை மடங்குமா?

"வாய்ப்பே இல்ல சார்." தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "அப்புறம்? மடங்கிச்சா?"

எனக்குத் தெரியாது. முடிவை நானாக வைப்பதில்லை என்று கண்ணாடிக்காரியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் பேனாவால் அந்தக் கையைத் தூக்கி அவன் கழுத்தில் போட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. ஆனால் அது அவள் கை. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். அவள் மூச்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அவன் பின்னால் போகவில்லை. குனிந்த கழுத்தோடு, மறுபடியும் இருமுகிறான்.